வெள்ளிக்கிழமைக்கு மாறிய ஊசி

இருபத்தொரு நாள் கழித்து வரும் நாள் எப்போதும் அதே கிழமையாகத்தான் இருக்கும் என்பதை நான் என் நாற்பதாவது வயதில் கண்டுபிடித்தேன். கண்டுபிடித்தேன் என்று பெரிதாகச் சொல்லிக்கொள்கிறேன். மூவேழு இருபத்தொன்று என்பது இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரிந்த வாய்ப்பாடு. என் மகளுக்கு முதல் ஊசி போட்டது ஒரு செவ்வாய்க்கிழமை. அதிலிருந்து மூன்று வாரத்துக்கு ஒரு செவ்வாய் எங்கள் வீட்டில் ஊசி நாள். புதுக் காலண்டர் வந்ததும் மற்ற வீடுகளில் தீபாவளி எந்தக் கிழமை என்று பார்ப்பார்கள். நான் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்து, தாள் தாளாகப் புரட்டி, வருஷம் முழுக்க ஊசி நாட்களுக்கு வட்டம் போட்டுவிட்டுத்தான் அதை ஆணியில் மாட்டுவேன்.

அவளுக்கு அப்போது ஒன்பது வயது. தொண்ணூறுகளின் தொடக்கம். ஒரு வாரம் தொண்டைவலியும் காய்ச்சலும் இருந்தது, சரியாகிப் பள்ளிக்கூடம் போனாள். கொஞ்ச நாளில் முழங்கால் வீங்கியது. எண்ணெய் காய்ச்சித் தேய்த்தோம். முழங்கால் வற்றியது, கணுக்கால் வீங்கியது. அப்புறம் மணிக்கட்டு. திண்டுக்கல் பெரியாஸ்பத்திரி டாக்டர் அவள் நெஞ்சில் குழாயை வைத்து ரொம்ப நேரம் கேட்டார். ஒன்றுமில்லை என்றால் ஏன் இவ்வளவு நேரம் கேட்கிறார் என்று நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் சொன்னதில் எனக்குப் புரிந்தது இவ்வளவுதான். எல்லாம் தொண்டையில் வரும் ஒரு கிருமியின் வேலை. இந்தத் தடவை மூட்டோடு போய்விட்டது, இதயத்துக்கு ஒன்றுமில்லை. மறுபடி வந்தால் இதயத்தில் இருக்கும் வால்வைப் பிடிக்கும். வராமல் தடுக்க இருபத்தொரு நாளைக்கு ஒரு பென்சிலின் ஊசி போட வேண்டும். இருபத்தொரு வயது ஆகிறவரைக்கும்.

"ஒண்ணுகூட விடக்கூடாது, பாத்துக்கங்க. விட்டா நான் பொறுப்பில்ல," என்றார்.

அந்தக் கடைசி வார்த்தையை அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். நான்தான் அதைத் தூக்கி மடியில் கட்டிக்கொண்டேன். எனக்கு அப்படி ஒரு சுபாவம். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரைக்கும் போய், பூட்டினோமா என்று திரும்பி வந்து இழுத்துப் பார்க்கிற ஆள் நான். அந்த ஆளிடம் பன்னிரண்டு வருஷம் ஒன்றுகூட விடாமல் செய் என்று ஒரு வேலையைக் கொடுத்தால் என்ன ஆகும்? பிள்ளை இருமினால் தொண்டையைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தேன். ஐஸ் விற்கிறவன் எங்கள் தெருவில் மணி அடித்தால் அவனோடு சண்டைக்குப் போனேன். "அந்தாளு வீட்டு வாசல்ல மட்டும் மணி அடிக்காத," என்று அவனுக்குத் தெருவே சொல்லிக்கொடுத்திருந்தது.

நான் வேடசந்தூர் பக்கம் ஒரு நூற்பு மில்லில் சைடு பார்த்தேன். சைடு பார்ப்பதென்றால், ஓடுகிற மிஷினின் இரண்டு பக்கமும் நடந்துகொண்டே இருந்து, நூல் அறுந்த இடத்தில் மிஷினை நிறுத்தாமல் ஒட்டிவிடுவது. எட்டு மணி நேரமும் நடைதான். ஒன்றை ஒட்டி நிமிர்வதற்குள் நாலு தள்ளி இன்னொன்று அறுந்திருக்கும். ஊசி நாளில் காலை ஷிப்ட் வந்துவிட்டால் மத்தியான ஷிப்டுக்காரன் யாரையாவது கெஞ்சி மாற்றிக்கொள்ள வேண்டும். மேஸ்திரி என்னைப் பார்த்ததுமே கேட்பார்.

"என்னப்பா, செவ்வாயா?"

"ஆமாங்க மேஸ்திரி."

"ஒனக்கு மட்டும் மாசத்துக்கு எத்தன செவ்வாய்யா வருது!"

ஆஸ்பத்திரியில் ஊசி அறை சிஸ்டரும் அதே கதைதான். எங்கள் தலை தெரிந்ததும், "செவ்வாக்கெழம வந்தாச்சு," என்பார். என் மகளுக்கு அவர் வைத்த பெயரே அதுதான். "வா செவ்வாக்கெழம, கையக் காட்டு." முதலில் முன்கையில் துளியளவு மருந்தை ஏற்றி, பேனாவால் சுற்றிக் கோடு போட்டுவிட்டு, அரை மணி நேரம் உட்காரச் சொல்வார். தடித்தால் ஊசி ஒத்துக்கொள்ளவில்லை என்று அர்த்தம். ஒத்துக்கொள்ளாமல் உயிரே போனவர்கள் உண்டு என்று யாரோ சொல்லியிருந்தார்கள். நான் கேட்டுப் பார்த்த தனியார் டாக்டர்கள் இரண்டு பேரும், பென்சிலினா, நமக்கு வேண்டாம்பா என்று கையை எடுத்துக் கும்பிட்டுவிட்டார்கள். அதனால் அந்த அரை மணி நேரமும் என் கண் அந்தக் கோட்டைவிட்டு நகராது. சுத்தமாக இருக்கிற தோல்கூட ஐந்து நிமிஷம் முறைத்துப் பார்த்தால் தடித்த மாதிரிதான் தெரியும்.

மருந்து கெட்டியாக, சுண்ணாம்புத் தண்ணீர் மாதிரி வெள்ளையாக இருக்கும். ஊசிக்குள் அடைத்துக்கொள்ளும். சிஸ்டர் அதை வேகமாகக் குலுக்கி, இடுப்பில் மெதுவாக ஏற்றுவார். ஏற ஏற வலி. முதல் இரண்டு வருஷம் ஆஸ்பத்திரி அதிர அழுதாள். அப்புறம் அழுவதை நிறுத்திவிட்டு என் சட்டைப் பொத்தானைப் பிடித்துத் திருகுவாள். ஊசி நாளுக்கென்று பொத்தான் போன சட்டை ஒன்று வீட்டில் தனியாக இருந்தது. ஊசி போட்ட பிறகு காலை இழுத்து இழுத்து வெளியே வந்து, பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு ரோஸ் மில்க் குடிப்பாள். ஐஸ் போடாமல். ஐஸ் போடாத ரோஸ் மில்க்கைப் பிள்ளைக்கு வாங்கிக் கொடுக்கும் ஒரே அப்பன் நானாகத்தான் இருப்பேன்.

நான்கு வருஷம் ஒன்றுகூட விடவில்லை. பஸ் ஓடாத நாளில் சைக்கிளில் வைத்து மிதித்திருக்கிறேன். குழாயில் தண்ணீர் வருகிற நாளும் ஊசி நாளும் ஒன்றாக வந்தபோது, தெருவே குடத்தோடு நிற்க, நாங்கள் மட்டும் வீட்டைப் பூட்டிக்கொண்டு போயிருக்கிறோம். எங்கள் ஊரில் அந்தக் காலத்தில் குழாய்த் தண்ணீரை விட்டுவிட்டுப் போகிறவன் ஒன்று பைத்தியக்காரன், இல்லையென்றால் வீட்டில் சாவு. நோட்டில் சிஸ்டர் எழுதித் தந்த தேதிகளை அவ்வப்போது எடுத்துப் பார்ப்பேன். ஒரு பக்கம் நிறைந்து மறு பக்கம், அதுவும் நிறைந்து அடுத்தது. வெளியே சொல்லவில்லையே தவிர எனக்குக் கொஞ்சம் திமிர் வந்திருந்தது.

அவளுக்குப் பதிமூன்று வயது நடந்த கோடையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, குளித்துவிட்டு வந்தவள் முதுகில் இரண்டு கொப்புளம் இருந்தது. மத்தியானத்துக்குள் நெஞ்சிலும் முகத்திலும் முத்து முத்தாக வந்துவிட்டது. என் மனைவி பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டாள். "அம்மா வந்திருக்கா," என்றாள். எங்கள் பக்கம் அம்மை என்று வாயால் சொல்ல மாட்டோம். வாசலில் வேப்பிலை செருகினாள். அடுப்பில் தாளிப்பு நின்றது. வெஞ்சனம் கிடையாது, தயிரும் பழைய சோறும்தான். மேஸ்திரிக்குச் சொல்லி அனுப்பினேன். "மூணு தண்ணி ஊத்தி முடிச்சிட்டே வரச் சொல்லு," என்று பதில் வந்தது. அம்மா இருக்கிற வீட்டுக்காரன் வெளியே போய்ப் புழங்கக் கூடாது.

ஞாயிறு முடிந்தால் திங்கள். அதற்கு மறுநாள் காலண்டரில் சிவப்பு வட்டம்.

இந்த இடத்தில் என் மனைவிமேல் பழியைப் போட்டுவிட்டுத் தப்பித்துக்கொள்ள எனக்குப் பல வருஷமாக ஆசை. கேட்கிறவர்களும் நம்புவார்கள், பொம்பளைதானே சாமி சாஸ்திரம் பார்த்துத் தடுத்திருப்பாள் என்று. அவள் தடுக்கவில்லை. திங்கட்கிழமை சாயங்காலம் அவள்தான் கேட்டாள்.

"ஏங்க, நாளைக்கு ஊசி நாளாச்சே. என்ன செய்றது?"

"அம்மா ஒடம்புல இருக்கறப்ப ஊசி குத்துவாங்களா?"

"எனக்கும் பயமாத்தான் இருக்கு. ஆனா டாக்டரு ஒண்ணுகூட விடக்கூடாதுன்னாரே. அந்த சிஸ்டரம்மாட்ட ஒரு வார்த்த கேட்டுட்டுத்தான் வாங்களேன்."

நான் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டேன். அவளுக்குத் தெரியாத ஒன்று எனக்குள் இருந்தது. எனக்கு ஏழெட்டு வயதில் என் தங்கைக்கு அம்மை போட்டிருந்தது. அது பெரியம்மை, இப்போது அந்த நோயே இல்லை. காய்ச்சல் தாங்காமல் துடிக்கிறாளே என்று அப்பா யாரையோ கூட்டிவந்து ஒரு ஊசி போடச் சொன்னார். மறுநாள் காலையில் அவள் இல்லை. அம்மா இருக்கிற உடம்பில் இரும்பைக் குத்தினால் பொறுப்பாளா என்று ஊரே சொன்னது. அப்பா அதற்குப் பிறகு சரியாக யாரிடமும் பேசவில்லை. அவளைக் கொன்றது நோய்தான், ஊசி இல்லை என்று வளர்ந்தபிறகு எனக்குத் தெரியும். நன்றாகவே தெரியும். தெரிந்து என்ன? கொப்புளம் போட்ட பிள்ளை உடம்பையும் ஊசியையும் ஒன்றாக நினைத்துப் பார்க்க என்னால் முடியவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை மகள் வேப்பிலைப் படுக்கையில் படுத்திருந்தாள். முகம் முழுக்க முத்து. இமையிலும் ஒன்று இருந்ததால் ஒரு கண்ணைத்தான் திறக்க முடிந்தது. அந்த ஒரு கண்ணால் சுவரைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"அப்பா, இன்னைக்குச் செவ்வா."

"தெரியும் தாயி. அம்மா எறங்கட்டும், அப்புறம் போட்டுக்கலாம்."

"ஒண்ணும் ஆகாதாப்பா?"

"ஒண்ணும் ஆகாது."

வட்டம் போட்டிருந்த அந்தத் தாளை மறுநாள் காலை கிழித்தேன். வழக்கமாகக் கிழித்த ஊசி நாள் தாளை மடித்து நோட்டுக்குள் வைப்பேன். அதை எங்கே போட்டேன் என்று நினைவில்லை.

மனைவி சொன்னதைத் தட்ட முடியாமல் புதன்கிழமை ஆஸ்பத்திரி வரைக்கும் போனேன். உள்ளே போகவில்லை. எதிர்த்தாற்போல் டீக்கடைப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா வீட்டிலிருந்து வந்தவன் நாலு நோயாளிகள் இருக்கிற இடத்துக்குள் நுழையலாமா என்று ஒரு சாக்கு கிடைத்தது. சாக்குதான். உண்மையான பயம் வேறு. சிஸ்டர் "கூட்டிட்டு வாங்க, போட்டுருவோம்" என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்பதுதான் அந்தப் பயம். வீட்டுக்கு வந்து, "சிஸ்டர் லீவு," என்றேன்.

எட்டாம் நாள் பிள்ளை, "தொண்ட வலிக்குதுப்பா," என்றாள்.

நான்கு வருஷமாக நான் டார்ச் அடித்துத் தேடியது அந்த வார்த்தையைத்தான். நியாயப்படி அந்த நிமிஷமே அவளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடியிருக்க வேண்டும். வாய்க்குள்ளும் முத்து போட்டிருக்கும், அதான் வலிக்கிறது என்றேன். இளநீர் அதிகமாகிவிட்டது, குளுமை என்றேன். என் மனைவி என்னையே பார்த்தாள். டார்ச்சை நான் எடுக்கவே இல்லை. எடுத்தால் தெரிந்துவிடும் அல்லவா?

அதற்கப்புறம் தண்ணீர் படுத்திய பாடு. முத்து வாடியதும் வேப்பிலையும் மஞ்சளும் போட்டு வெயிலில் வைத்த தண்ணீரை ஒன்றுவிட்டு ஒரு நாளாக மூன்று தடவை தலைக்கு ஊற்ற வேண்டும். இரண்டு தண்ணீர் ஊற்றியாயிற்று. மூன்றாவதுக்குக் குடத்தில் தண்ணீர் இல்லை. அந்தக் கோடையில் பதினைந்து நாளைக்கு ஒரு தடவை குழாய் வந்தால் பெரிய விஷயம். லாரித் தண்ணீர் வேண்டாம், அது எந்தக் கிணறோ என்றாள் பக்கத்து வீட்டு அக்கா. நானும் தலையாட்டினேன். குழாயடியில் போய் நின்றேன், வந்தேன், மறுபடி நின்றேன். காது குழாயில் இருக்கும். காற்று சீறினால் ஓடுவேன். நாளை வரும் நாளை வரும் என்று புதன்கிழமை வந்தது. மூன்றாம் தண்ணீர் ஊற்றி, வியாழக்கிழமை அம்மன் கோயிலில் மாவிளக்கு வைத்து, வெள்ளிக்கிழமை காலை ஆஸ்பத்திரிக்குப் போனோம். பதினேழு நாள் தள்ளிப்போயிருந்தது.

சிஸ்டர் நோட்டைப் பிரித்தார். பிறகு மகளின் முகத்தைப் பார்த்தார். தழும்புகள் இன்னும் கறுப்பாக இருந்தன.

"அம்மையா?"

"ஆமாங்க சிஸ்டர்."

"அம்மைன்னா ஊசி போடக்கூடாதுன்னு ஒங்களுக்கு யாரு சொன்னா?"

நான் மகளை முன்னால் நகர்த்தி ஸ்டூலில் உட்காரவைத்தேன்.

"ஏண்ணே, ஒரு எட்டு வந்து கேட்டிருக்கலாம்ல. நீங்க உள்ள வரவேணாம்னா நான் வாசலுக்கு வந்திருப்பேன்ல," என்றார். அவர் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் திருப்பிச் சத்தம் போட்டு ஆறியிருப்பேன். முன்கையில் கோடு போட்டு, அரை மணி நேரம் கழித்து ஊசியை ஏற்றினார். மகள் என் சட்டையில் பொத்தானைத் தேடினாள். அவசரத்தில் நான் வேறு சட்டை போட்டு வந்திருந்தேன்.

அடுத்த வாரம் அவளுக்குக் காய்ச்சல். இரண்டு முழங்காலும் ஒரே நேரத்தில் வீங்கின. மாடிக்குத் துணி காயப்போடப் போனவள் பாதிப் படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். பெரியாஸ்பத்திரி டாக்டர் மதுரைக்கு எழுதிக்கொடுத்தார். அங்கே இருட்டு அறையில் திரையில் அவள் இதயம் அடித்துக்கொள்வதைப் பார்த்தேன். வால்வில் ஒழுகல் இருக்கிறது, லேசாகத்தான், ஊசியை விடாமல் போட்டால் இதோடு நிறுத்தலாம் என்றார் அங்கிருந்த டாக்டர். நோட்டைப் பார்த்துவிட்டு, "நடுவுல ஒண்ணு விட்டிருக்கே, ஏன்?" என்று கேட்டார்.

"ஊர்ல ஒரு துக்கம் சார். இவ அம்மாவோட பெரியப்பா தவறிட்டாரு. குஜிலியம்பாறை பக்கம். போன எடத்துல நாள் ஆயிப்போச்சு."

யோசிக்கவே இல்லை, வாயில் தானாக வந்தது. அந்தப் பெரியப்பா அன்றைக்கு மட்டுமில்லை, அதற்குப் பத்து வருஷம் கழித்தும் குஜிலியம்பாறையில் கம்பங்காட்டுக்குக் காவல் இருந்தார். மகள் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். டாக்டரையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு தழும்பு ஒன்றைத் தடவிக்கொண்டிருந்தாள்.

அன்றிலிருந்து எங்கள் ஊசி நாள் வெள்ளிக்கிழமை ஆகிவிட்டது. மூன்று வாரத்துக்கு ஒரு வெள்ளி. மீதி எத்தனை ஊசி ஒழுங்காகப் போட்டாலும் அது திரும்பச் செவ்வாய் ஆகாது. சிஸ்டர் ரொம்ப நாள் வரைக்கும் பழக்கதோஷத்தில் "வா செவ்வாக்கெழம," என்பார். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்வார். எனக்குச் சுருக்கென்று இருக்கும். மில்லில் மேஸ்திரி, "என்னப்பா, வெள்ளிக்கு மாத்திட்ட?" என்று கேட்டபோது, "வெள்ளி நல்ல நாளுங்க," என்று சொல்லிச் சிரித்துவிட்டு, சைடைச் சுற்றி அந்தப் பக்கம் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

அந்த எட்டு வருஷத்தை எப்படித் தாண்டினோம் என்று யாராவது கேட்டால் என்னிடம் சொல்லும்படியாக ஒன்றுமில்லை. காலையில் எழுந்தோம், வேலைக்குப் போனோம், வெள்ளிக்கிழமை ஊசி போட்டோம். அவள் படியில் ஏறும்போது நான் கீழே நின்று மூச்சை எண்ணுவேன். "எண்ணாதீங்கப்பா, அதுக்கே மூச்சு வாங்குது," என்பாள். பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை அன்று ஊசி நாள் வந்தது. ஊசி போட்ட காலை இழுத்துக்கொண்டே போய் எழுதினாள். கல்லூரிக்குப் போன பிறகு, "நானே போட்டுட்டு வாரேன், நீங்க ஷிப்ட மாத்தாதீங்க," என்றாள். சரி என்று சொல்லிவிட்டு, அவளுக்குத் தெரியாமல் அதே டீக்கடைப் பக்கம் நின்று, அவள் காலை இழுத்து வெளியே வருவதைப் பார்த்த பிறகுதான் மில் பஸ் ஏறுவேன். ஒரு நாள் அவள் நேராக ரோட்டைத் தாண்டி வந்து, "போட்டாச்சு, கெளம்புங்க," என்றாள். அவளுக்கு முதல் நாளிலிருந்தே தெரியுமாம்.

இத்தனைக்கும் நான் உள்ளுக்குள் ஒரு நாளைப் பிடித்துக்கொண்டிருந்தேன். இருபத்தொரு வயது. முதல் டாக்டர் சொன்ன கெடு. அன்றோடு ஊசி முடிந்துவிட்டால், நான் செய்ததும் அதோடு கழிந்துவிடும் என்று ஒரு கணக்கு வைத்திருந்தேன். யாரும் எனக்கு அப்படிச் சொல்லவில்லை. நானே சொல்லிக்கொண்டேன், நானே நம்பினேன்.

இரண்டாயிரம் பிறந்து சில வருஷம் ஆகியிருந்தது. அவளுக்கு இருபத்தொன்று முடிந்த மாதம் மதுரைக்குப் போனோம். அதே இடம், வேறு டாக்டர், வயது குறைந்தவர். திரையில் பார்த்தார், குழாய் வைத்துக் கேட்டார். நோட்டுகள் மூன்றையும் வரிசையாகப் புரட்டினார். இத்தனை வருஷத்தில் இவ்வளவு ஒழுங்காகப் போட்ட ஆளைப் பார்த்ததில்லை என்று சொல்லிக்கொண்டே வந்தவர் முதல் நோட்டின் கடைசியில் நின்றார்.

"இந்த எடத்துல மட்டும் ஒண்ணு விட்டுப்போயிருக்கு. அதுக்கப்புறந்தான் வால்வு பிரச்சினை. ஏன் விட்டீங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் மகள் சொன்னாள்.

"நாந்தான் சார். வலிக்குது, வரமாட்டேன்னு அழுதேன். அப்பா எம்புட்டோ கூப்பிட்டாங்க. நாந்தான் அடம் புடிச்சேன்."

ஒற்றைக் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு, இன்னைக்குச் செவ்வா என்று சொன்ன பிள்ளை.

"இல்ல சார்," என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். "இல்ல சார். அவ கேட்டா. நாந்தான் போடல. அம்மை போட்டிருந்துச்சு. ஊசி போட்டா ஏதாச்சும் ஆயிரும்னு பயந்துட்டேன். ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் வந்துட்டு, கேக்காமத் திரும்பிட்டேன். தொண்ட வலிக்குதுன்னு சொன்னா, அப்பவும் நான் கூட்டிட்டுப் போகல."

எட்டு வருஷம் மனைவியிடம்கூட முழுசாகச் சொல்லாததை ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, என்ன நடக்குமோ என்று நாற்காலி விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். டாக்டர் தலையை ஆட்டினார். "சரி, அம்மை," என்று சொல்லி, நோட்டில் சின்னதாக எழுதிக்கொண்டார். அவ்வளவுதான். அவர் என்னை ஏசவும் இல்லை, பரவாயில்லை என்று சொல்லவும் இல்லை.

"வால்வுல ஒழுகல் கூடல. அது பெரிய விஷயம். ஊசியாலதான் நின்னிருக்கு. ஆனா வால்வு ஒருதடவ பாதிச்சிருக்கறதால இருபத்தொரு வயசோட நிறுத்த முடியாது. நாப்பது வயசு வரைக்கும் போடணும்."

நாற்பது என்ற வார்த்தை காதில் விழுந்தது, உள்ளே போகவில்லை. மகள்தான் எழுந்து, நோட்டுகளை அடுக்கிப் பையில் வைத்து, "வாங்கப்பா," என்றாள்.

மதுரை பஸ் ஸ்டாண்டில் திண்டுக்கல் வண்டி இன்னும் வரவில்லை. வெயில் கொளுத்தியது. ஒரு கம்பியில் சாய்ந்து நின்றோம். அவளிடம் மன்னிப்பு மாதிரி ஏதாவது சொல்ல வேண்டும் என்று இருந்தது. எங்கள் வீட்டில் அப்படிச் சொல்லிப் பழக்கமில்லை. அதனால் கோபமாகக் கேட்டேன்.

"எதுக்கு அந்தாளுட்டப் பொய் சொன்ன?"

"நீங்க மட்டும் குஜிலியம்பாறைத் தாத்தாவச் சாகடிக்கலயா? நான் யாரையும் சாகடிக்கலயே."

சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. அவளும் சிரித்தாள். எனக்குள் பழைய வியாதி தொடங்கிவிட்டது. வருஷத்துக்குப் பதினேழு, சில வருஷம் பதினெட்டு. நாற்பதுக்கு இன்னும் பத்தொன்பது வருஷம். அதுவரைக்கும் நான் இருப்பேனா? நான் இல்லாவிட்டால் யார் காலண்டரில் வட்டம் போடுவது? இவளைக் கட்டிக்கொள்கிறவன் போடுவானா? பதினேழைப் பத்தொன்பதால் பெருக்க விரல் தானாக ஓடியது.

அவள் என் விரல்களைப் பிடித்து நிறுத்தினாள்.

"எண்ணாதீங்கப்பா. அம்புட்டையும் எண்ணுனா என்னால முடியாது. நான் எண்ணுனதே இல்ல. அடுத்தது என்னைக்கு? அத மட்டும் சொல்லுங்க."

பன்னிரண்டு வருஷம் நான்தான் இவளை இழுத்துக்கொண்டு வந்தேன் என்று நினைத்திருந்தேன்.

"வர்ற வாரம், வெள்ளிக்கெழம," என்றேன்.

"சரி, போட்டுக்குவோம்," என்று சொல்லிவிட்டு, வந்து நின்ற பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் பிடிக்க ஏறினாள்.